எங்கள் தெருக் குழாய்

கணியம்பாடிக்கு அணித்தான சிற்றூர் ஒன்றிற் பிறந்தவன் யான். சவ்வாது மலையின் அடிவாரத்தில் வாழும் எங்கட்கு நீரென்றாற் கிணறே நினைவுக்கு வரும். நல்ல மழை பெய்த ஆண்டில் நாகநதியின் மணலைக் கையாற் பறித்தாலும் நீர் ஊறும்; கோடையிலோ கிணற்றின் அடியில் வானத்தின் சிறு துண்டொன்றே தெரியும். ஆகவே குழாயைத் திருகியவுடன் நீர் கொட்டுவதை நகரத்தார் ஓர் அருமையாகக் கருதாதது இளமையில் எனக்கு வியப்பாகவே இருந்தது. அக்குழாய் நீரைப்பற்றி யான் பின்னர்க் கற்ற பாடமொன்றை இங்கு எழுதத் துணிகின்றேன். அதிற் பெரும்பகுதி எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் நம் மாணவ நண்பர்க்குப் பயன்படலாமென்று நம்புகின்றேன்.

என் படிப்பையும் தங்கையின் படிப்பையும் கருதி, சில ஆண்டுகட்கு முன் வேலூரில் ஒரு வாடகை வீட்டிற் குடியேறினோம். தாய் தந்தையர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்க, எங்களுக்குச் சமைத்துப்போட ஆயா உடன் வந்தார். எங்கள் பக்கத்திற் பாட்டியை ஆயா என்றே அழைப்போம். அவர் எழுத்தறியாதவர், ஆயினும் குடிநீரைக் கொதிக்கவைக்காமல் எங்களுக்குக் கொடுத்தறியார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் நெடுங்காலமாக நடத்திவரும் சுகாதாரப் பணியில், வீடு வீடாக வரும் பெண்கள் சொல்லக் கேட்டுப் படிந்த வழக்கம் அது. “ஊர்க் கிணற்றுக்கு அது சரி, ஆயா, இது மருந்திட்டு வரும் குழாய் நீர். பளிங்குபோல இருக்கிறது, பாருங்கள். இதைக் கொதிக்கவைத்து எரிவாயுவை வீணாக்கலாமா?” என்று யான் நகைத்தேன். “கண்ணு, அழுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியுமானால் உலகத்தில் நோய் ஏது?” என்றார் அவர். ஆயினும் படித்த பேரன் சொல்வது சரியாயிருக்குமென்று சில நாளில் அவ்வழக்கத்தை விட்டுவிட்டார்.

நம் நாட்டு நகரங்கள் பலவற்றிற் போலவே எங்கள் தெருவிலும் குழாயில் எந்நேரமும் நீர் ஓடுவதில்லை. வரும் நேரத்திற் பிடித்து வைத்தல் வேண்டும். அண்டை வீட்டார் பலர் குழாயோடு நேரே ஒரு மோட்டாரைப் பொருத்தி நீரை இழுத்துக்கொண்டிருந்தனர். அது விதிக்குப் புறம்பானது என்பதை யாவரும் அறிவர். அறிந்தும் யாவரும் செய்வர். பொங்கல் கழிந்த வாரத்தில் தந்தையாரை வற்புறுத்தி அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை யானே வாங்கிப் பொருத்தினேன். தொட்டி அரைமணி நேரத்தில் நிரம்பிற்று. அன்று எனக்கிருந்த பெருமிதத்தை இன்று நினைப்பினும் நாணமாயிருக்கிறது.

அக்காலத்திற் கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்காக யான் பாலாற்றைப்பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழில் தழைத்ததும், ஆறு கெட்டதும் நம் மாவட்டத்தார் அறிந்த கதை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். கழுவும்போது அவ்வுப்பு பெரும்பாலும் நீரிற் கரைந்து வெளியேறும். பதனிடச் சேர்க்கும் குரோமிய உப்பையும் தோல் முற்றாக ஏற்பதில்லை. எஞ்சியது கழிவோடு போகும். அக்கழிவு ஏரியிலும் வயலிலும் ஆற்று மணலிலும் ஊறிக் கிணறுகளை உவராக்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை நாடினர். நீதிபதி குல்தீப் சிங் முதலியோர் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஒரு பகுதியோ பயிருக்குதவாது போயிற்று என்னும் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. தீங்கு நேருமுன் தடுத்தல் வேண்டும், கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அது நிலைநாட்டிற்று. அதன் பின்னும் வழக்கு ஓயவில்லை. ஈட்டுத்தொகையையும் ஆற்றின் சீரமைப்பையும் குறித்து அந்நீதிமன்றமே 2025 ஜனவரி 30-ஆம் நாள் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இவற்றையெல்லாம் சினத்தோடு எழுதி முடித்தேன். அவ்வாரத்திலேயே, மாசி மாதத் தொடக்கத்தில், என் தங்கை காய்ச்சலிற் படுத்தாள். நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மருத்துவர் குருதியைச் சோதித்து டைபாய்டு என்றார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவேண்டிய பெண், எழுந்து உட்காரவும் வலியற்றுக் கிடந்தாள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே அடுப்பில் நீரேற்றினார். அவர் சொல்லாமலிருந்ததே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

யான் கட்டுரையை எடுத்துக்கொண்டு எங்கள் வேதியியல் ஆசிரியரிடஞ் சென்று, “ஐயா, இந்த ஆலைகள் எங்கள் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டன” என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, குரோமியத்தால் டைபாய்டு வருமோ?” என்று வினவினார். யான் விடையின்றி நின்றேன்.

பின்பு அவர் விளக்கினார். நீரைக் கெடுப்பன இருவகை. உப்பு, குரோமியம், நைட்ரேட்டு, புளோரைடு முதலியன உயிரற்றவை. அவை பெரும்பாலும் நெடுநாளிலே உடம்பைக் கெடுப்பன. கொதிக்கவைத்தால் அவை நீங்கா. நீர் வற்றுமளவுக்குச் செறியவே செய்யும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தலே நலமென்றும், வேறு நீரில்லாத இடத்து 2,000 வரை பொறுக்கலாமென்றும், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. மற்றொரு வகை உயிருள்ளவை. டைபாய்டுக் கிருமிக்கு மனிதனையன்றி வேறு உறைவிடமில்லை. ஒருவன் கழித்தது மற்றொருவன் வாயிற் புகுந்தாலன்றி அந்நோய் பரவாது. அது புகுந்து ஒன்று முதல் மூன்று வாரங்கழித்தே பெரும்பாலும் காய்ச்சல் தோன்றும். இக்கிருமியோ கொதிநீரில் மாளும், குளோரினுக்கும் நில்லாது. “ஆகையால், உன் தங்கைக்கு நோய் தந்தது ஆலையன்று. உங்கள் தெருவைப் போய்ப் பார்” என்றார்.

விடை எங்கள் வாயிலுக்கே வந்தது. தெருக் கோடியில் துணி தேய்த்துப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் தங்கையைக் காண வந்தார். அவருடைய ஆறு வயது மகனும் வயிற்றுப்போக்கினால் மெலிந்திருந்தான். அவர்கள் வீட்டில் மோட்டார் இல்லை. பேச்சினிடையே அவர் குறைகூறும் எண்ணமின்றியே, “தம்பி, உங்கள் மோட்டார்கள் நின்ற பிறகுதான் எங்கள் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அதுவரை குழாய் வாயிற் கையை வைத்தால் உள்ளே இழுக்கும்” என்றார்.

இதனை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிற்று. “குழாய் திறந்த இடத்திற் காற்றை இழுக்கிறது. அதே குழாய் சாக்கடைக்குள் ஓட்டையாயிருக்கும் இடத்தில் எதனை இழுக்கும்?” என்றார். நீர் நிரம்பி அழுத்தத்தோடு ஓடுங்கால், ஓட்டை வழியே நீர் வெளியே கசியுமேயன்றி அழுக்கு உட்புகாது. குழாய் வெறுமையாகக் கிடக்கும்போதும், மோட்டார் உறிஞ்சும்போதும் இம்முறை தலைகீழாகிறது.

வீட்டெதிரே இருந்த சாக்கடையைத் தூர்வாரிப் பார்த்தோம். தெருக்குழாயினின்று எங்கள் வீட்டுக்குப் பிரிந்த இரும்புக் குழாய் அச்சாக்கடையினூடேயே சென்றது. துருவேறித் துளைப்பட்ட இடத்தில் யாரோ பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தனர். ஆசிரியர் கொடுத்த மூன்று சோதனைக் குப்பிகளில் நீர் பிடித்தேன். மலக்கலப்புள்ள நீரானால் அக்குப்பி ஓரிரு நாளிற் கறுத்துவிடும். குழாயில் முதலில் வந்த நீரும், எங்கள் குடத்து நீரும் மறுநாள் மாலைக்குள் மைபோலக் கறுத்தன. மோட்டாரை நிறுத்திக் கால்மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்த நீர் மாறவில்லை. வீடுவரை வந்த நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். எங்கள் முதல் நீரில் அதன் அடையாளமே இல்லை. புகுந்த அழுக்கோடு பொருதே அது செலவாகிவிடும் என்றார் ஆசிரியர்.

தங்கையின் நோய் இக்குழாயினாலேயே வந்ததென்று நிறுவ யான் வல்லேனல்லேன். வெளியில் உண்ட பண்டமும் காரணமாயிருக்கலாம். ஆயினும் மலங்கலந்த நீரை அவளுக்கு ஊட்டினேன் என்பதையும், அந்த அழுக்கை யாமனைவருஞ் சேர்ந்து இழுத்து, மோட்டார் வாங்க இயலாத வீட்டுக்கும் பகிர்ந்தளித்தோம் என்பதையும் அக்கரிய குப்பிகள் எனக்குக் காட்டின. பிறருடைய ஆலைக் கழிவைப்பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினேன். என் வீட்டு வாயிற் சாக்கடையை ஒருநாளும் எட்டிப் பார்த்திலேன்.

இலண்டன் மாநகரில் 1854-ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபோது, ஜான் சுநோ என்னும் மருத்துவர் மாண்டவர் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராடு தெருவிலிருந்த ஒரு நீரிறைப்பானே காரணமெனக் கண்டு அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். நம் நாட்டிலும் நல்வழி காட்டிய ஊர் உண்டு. ஒடிசாவிலுள்ள பூரி நகரில் 2021-ஆம் ஆண்டு முதல் இரவு பகல் இருபத்துநான்கு மணியும், குழாயிலேயே வாய்வைத்துக் குடிக்கத்தக்க நீர் வழங்கத் தொடங்கினர். குழாய் எந்நேரமும் நிரம்பியிருந்தால் மோட்டாருக்கு வேலையில்லை, அழுக்குக்கும் வழியில்லை. வேலூர்ப் பகுதிக்கு மேட்டூர்ப் பக்கத்தினின்று காவிரி நீரையே கொண்டுவந்துள்ளனர். அத்தனை தொலைவு தூய்மையாக வந்த நீர், வீட்டு வாயிலிலுள்ள கடைசி நான்கு முழத்திற் கெடுமாயின் அப்பெருமுயற்சியால் யாது பயன்?

யான் முதலில் எங்கள் மோட்டாரைக் கழற்றினேன். சாக்கடையை விலக்கிப் புதுக் குழாய் போட வீட்டுக்காரர் இசைந்தார். பின்பு குப்பிகளைக் கையிலேந்தி வீடு வீடாகச் சென்றேன். பதினொரு வீடுகளில் எழுவர் மோட்டாரைக் கழற்றினர், நால்வர் கழற்றவில்லை. அவர்களை யான் குறைகூறேன். ஓராண்டுக்கு முன் யாரேனும் என் வாயிலுக்கு வந்து சொல்லியிருப்பின் யானும் அவர்களைப் போலவே நின்றிருப்பேன்.

தங்கை அவ்வாண்டு இரண்டு தேர்வுகளை எழுத இயலாமற் போயிற்று. துணைத் தேர்வில் எழுதித் தேறினாள். கட்டுரையைப் போட்டிக்கு அனுப்பவில்லை. அதிற் கூறியவை பொய்யல்ல. பாலாற்றுக்கு இழைக்கப்பட்ட தீங்கு இன்னும் ஈடுசெய்யப்படவேண்டியதே. ஆனால் அதன் கடைசிப் பக்கம் எழுதப்படாதிருந்தது. அதனையே இங்கு எழுதினேன்.

இதனைப் படிக்கும் நண்பர்கள், இன்று வீடு சென்றதும் தத்தம் குழாய் எவ்வழியே வருகிறதென்று ஒருமுறை குனிந்து பார்ப்பாராக. முதலில் வரும் நீரைச் செடிக்கு விடுக; குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து மூடுக; குடத்திற் கை தோயாமல் மொள்ளுக. இவையாவும் எங்கள் ஆயா எழுத்தறியாமலே அறிந்திருந்தவை.