நீக்கப்பட்ட ஒருவர்

இளநிலை உளவியல் படிப்பின் ஆறாம் பருவத்தில், மூவர் கொண்ட எங்கள் குழு ஓர் ஆய்வேடு எழுதியது. ஆண்டு 2006. நீலநிற ரெக்ஸின் அட்டை, அதன்மேல் பொன்னிற எழுத்துகள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்: ‘அறிவுறுத்தலைப் பின்பற்றாத காரணத்தால் பங்கேற்பாளர் ஒருவர் நீக்கப்பட்டார்.’ அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. எனினும், நாங்கள் எழுதியவற்றிலேயே பெரிய பொய் அதுதான் என்று இன்று நினைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கருத்தரங்க வகுப்பு நடக்கும். ஒவ்வொரு குழுவும் தன் ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று எழுந்து சொல்லவேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். மன அழுத்தம், தன்மதிப்பு, தேர்வுப் பதற்றம் என்று பெரும்பாலான குழுக்கள் ஆயத்த வினாத்தாள்களை எடுத்துக்கொண்டன. எங்களுக்கோ ஆய்வுக்கூடத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்த மெமரி டிரம்மின் மேல் ஒரு கவர்ச்சி. உருளையில் தாளைச் சுற்றிவிட்டால், சிறிய சாளரத்தின் வழியே சீரான இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டும் எளிய கருவி அது. அதைக் கொண்டு எபிங்ஹாஸின் மறதிக்கோட்டைத் தமிழில் வரைந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவு பற்றிய நூல், மனத்தை எண்ணால் அளக்கலாம் என்று துணிந்த முன்னோடி நூல்களில் ஒன்று. அவருடைய ஆய்வில் பங்கேற்றவர் ஒரே ஒருவர், அவரேதான். கவிதையையோ உரைநடையையோ மனப்பாடம் செய்தால் பழைய அனுபவங்கள் குறுக்கே வரும் என்பதால், இரு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்து ஏறத்தாழ 2,300 பொருளற்ற அசைகளை அவர் உருவாக்கினார். ஒரு பட்டியலைப் பிழையின்றி ஒப்பிக்கும்வரை படிப்பார். சிறிது காலம் கழித்து அதையே மறுபடி படிப்பார். முதல்முறை இருபது தடவை படிக்க வேண்டியிருந்தது, மறுமுறை பதினைந்தே போதும் என்றால் சேமிப்பு 25 விழுக்காடு. இப்படி அளந்தபோது, இருபது நிமிடத்தில் 58 விழுக்காடாக இருந்த சேமிப்பு ஒரு நாளில் 34 ஆகவும், ஆறு நாளில் 25 ஆகவும், முப்பத்தொரு நாளில் 21 ஆகவும் குறைந்தது. முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெல்லத் தாழ்ந்து செல்லும் அந்தக் கோடு உளவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முர்ரே, டிராஸ் இருவரும் அதே சோதனையை மறுபடி செய்து, ஏறக்குறைய அதே கோட்டைப் பெற்றார்கள்.

தமிழில் பொருளற்ற அசைகளை உருவாக்குவது ஒரு மாலை வேலை என்று நம்பி உட்கார்ந்தோம். மூன்று வாரங்கள் ஆயின. கண், மண், கல், பல், வில், நெல் என்று எதைத் தொட்டாலும் அது சொல்லாக இருந்தது. சொல்லாக இல்லாததை அகராதியில் தேடினால், பழைய பொருள் ஒன்று அங்கே காத்திருந்தது. தனி எழுத்தே சொல்லாக நிற்கும் மொழி இது. அத்தகைய சொற்கள் 42 என்று நன்னூல் கணக்கிடுகிறது. எங்களுக்கு வழிகாட்டியதும் இலக்கணம்தான். பதினெட்டு மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் மொழிக்கு முதலில் வாரா. அவற்றைக் கொண்டு தொடங்கி, முடிந்த இடங்களில் ஈற்றிலும் வல்லின மெய்யை நிறுத்திவிட்டால், பொருளின்மைக்கு இலக்கணமே பிணை நிற்கும் என்று மகிழ்ந்தோம். கருத்தரங்கில் இதைச் சொன்னபோது பேராசிரியை முதன்முறையாகப் புன்னகைத்தார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மாதிரிச் சோதனையில் ‘லொக்’ என்ற அசை வந்ததும் ஒருவர் இருமிக் காட்டினார். ‘ரம்’ வந்தபோது மாணவர்கள் பகுதியில் எழுந்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். அசைகளுக்குள் எளிமையிலும் கடினத்திலும் விளங்கிக்கொள்ள இயலாத வேறுபாடுகள் இருப்பதாக எபிங்ஹாஸே தம் நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1928இல் கிளேஸ் என்பவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில அசைகளை மாணவர்களுக்குக் காட்டி, ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு எதையேனும் நினைவூட்டுகிறது என்று அளந்தார். 1932இல் கேம்பிரிட்ஜின் பார்ட்லெட் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மனிதரிடம் எதிர்வினை எதையும் எழுப்பக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் அர்த்தத்தை முற்றாக நீக்க முடியாது என்பது அவர் வாதம். இதை நாங்கள் எங்கள் இலக்கிய மீள்பார்வை அத்தியாயத்தில் ஒரு பத்தியாக எழுதினோம். எழுதினோமே தவிர, படித்தோம் என்று சொல்ல முடியாது.

பங்கேற்பாளர்கள் 24 பேர். பாதிப்பேர் மாணவர்கள், மீதிப்பேர் எங்களில் ஒருத்தி குடியிருந்த தெருவைச் சேர்ந்த, அறுபது வயது கடந்தவர்கள். பத்து அசைகள் கொண்ட பட்டியல். ஒரு மணி நேரம், ஒரு நாள், ஆறு நாள் என்று மூன்று இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளிக்கும் வேறு பட்டியல். ‘இடைப்பட்ட காலத்தில் அசைகளைச் சொல்லிப் பார்க்கக் கூடாது’ என்பதே முக்கியமான அறிவுறுத்தல்.

தெருக்கோடி வீட்டுப் பாட்டி வார இதழ் ஒன்று விடாமல் வாசிப்பவர். முதல் நாள் மற்ற முதியவர்களைப் போலவே திணறித்தான் படித்தார். ஆறு நாள் கழித்து நாங்கள் டிரம்மைச் சுற்றுவதற்கு முன்பாகவே, பத்து அசைகளையும் வரிசை மாறாமல் சொல்லி முடித்தார். சேமிப்பு நூறு விழுக்காடு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சோதனைக்குப் பிந்தைய வழக்கமான கேள்வியைக் கேட்டோம்: “நடுவில் சொல்லிப் பார்த்தீர்களா பாட்டி?”

“சொல்லக்கூடாதுன்னுதான் சொன்னீங்க கண்ணு. முடியல” என்றார். பட்டியலில் ‘ளிச்’ என்று ஓர் அசை இருந்தது. அவருடைய மூத்த மகன் விளக்கைக் காட்டி அப்படித்தான் சொல்வானாம். வெளிச்சம் என்ற சொல்லின் முன்பாதி அவன் நாவுக்கு வரவில்லை. இரண்டரை வயதில் தட்டம்மையில் போய்விட்டான். “அதுக்கப்புறம் அத யாரு சொல்லியும் நான் கேக்கல. மத்ததும் அவன் பேச்சு மாதிரியேதான் இருந்துச்சு. வெளக்கேத்தும்போதெல்லாம் வாயில வந்துருச்சு.” அவர் அழவில்லை, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார். எங்களுக்குத்தான் அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிறகு அவரே, “சரியாச் சொன்னேனா?” என்று கேட்டார். “எல்லாமே சரி பாட்டி” என்றோம்.

அவருடைய எண்ணைச் சேர்த்தால் முதியோருக்கான கோடு ஆறாம் நாளில் இறங்காமல் மேலே ஏறியது. விடுதி அறையில் நள்ளிரவு வரை விவாதித்தோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அறிவுறுத்தலை அவர் மீறியது மெய். ஆகவே நீக்குவது முறை. இதுவரை எங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் மாணவர் பகுதியில் மூவர், பேருந்தில் சொல்லிப் பார்த்ததாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களை நாங்கள் நீக்கவில்லை. அவர்களுடைய எண்கள் கோட்டுக்கு அருகில் இருந்தன. விதியை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே வகுத்திருந்தோம். பார்த்த பிறகு ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தினோம்.

இறுதிக் கருத்தரங்கில் பேராசிரியை சரியான இடத்தில் கை வைத்தார். “மற்றவர்கள் அறிவுறுத்தலைப் பின்பற்றினார்கள் என்று எப்படித் தெரியும்?” “ஒவ்வொருவரையும் கேட்டோம் மேடம்” என்றோம். கேட்டது உண்மை. அவர்கள் சொன்ன பதிலை நாங்கள் சொல்லவில்லை. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த குழுவை அழைத்தார். புறத்தேர்வாளர் அதுகூடக் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்கள் வந்தன.

இப்படிச் செய்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்பது பின்னாளில் தெரியவந்தபோது ஆறுதல் வரவில்லை. 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். தரவை எங்கே நிறுத்துவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பவற்றை ஆய்வாளர் தம் வசதிக்கேற்ப முடிவு செய்தால் எதையும் நிறுவிவிடலாம் என்று காட்டுவதற்காக, பீட்டில்ஸ் பாடல் ஒன்றைக் கேட்டவர்களின் வயது கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாகப் புள்ளியியல் முறைப்படி ‘நிரூபித்தார்கள்’. 2015இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்றில், உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகள் மறுபடி செய்யப்பட்டன. முதல் ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் வெற்றி பெற்றவை. மறுஆய்வுகளிலோ வெறும் 36. அந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, எங்களுடையதைப் போன்ற பத்து நிமிட முடிவுகள்.

சென்ற ஆண்டு நாங்கள் மூவரும் சந்தித்தபோது பழைய தரவுத்தாள்களை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். நால்வரையும் நீக்கினாலும் கோடு இறங்கத்தான் செய்கிறது. நாங்கள் காப்பாற்றிய நேர்த்திக்கு அந்தப் பொய் தேவைப்படவே இல்லை. இழந்ததுதான் பெரிது. இலக்கணம் விலக்கிய ஒலிகள் யாருக்கும் சொந்தமற்றவை என்று நம்பியிருந்தோம். இலக்கணம் வந்து சேர்வதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும் அந்த ஒலிகளில்தான் வாழ்கிறது என்பதும், கேட்டவர்கள் அவற்றை எங்கோ வைத்திருக்கிறார்கள் என்பதும் அந்த ஆய்வேட்டில் கிடைத்த ஒரே புதிய செய்தி. பின்னிணைப்பில் 23 தரவுத்தாள்கள் இருக்கின்றன. அந்த ஒன்று எங்களிடம் தனியாக இருக்கிறது.

பாட்டி இன்று இல்லை. “எல்லாமே சரி” என்று அவரிடம் சொல்லிவிட்டு, பின்பற்றாதவர் என்று எழுதினோம். முதலில் சொன்னதே உண்மை.