இரவல் முகவரி

மனிதனுக்குப் பெயர் பெற்றோர் இடுவது. கணிப்பொறிக்கு முகவரி ஆலையார் இடுவது. வலைப்பின்னலில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 12 குறிகள் கொண்ட 'மேக்' முகவரி உண்டு. முதல் 6 குறிகள் செய்த நிறுவனத்தைக் காட்டும். பின் 6 அந்தத் தனிக் கருவியைக் காட்டும். எங்கள் விடுதியில், பதிவான முகவரிக்கே இணையம் திறக்கும்.

சென்ற குளிர்காலத்தில் என் மடிக்கணினி பழுதாகி, உட்பலகையை மாற்ற நேர்ந்தது. பலகையோடு முகவரியும் மாறிற்று. புதியதைப் பதிய ஒரு வாரமாகும் என்றார்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். கைப்பேசியிலோ அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது.

அடுத்த அறைத் திருநெல்வேலி அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய முகவரி என் குறிப்பேட்டில் இருந்தது; அவருக்குப் பதிவுத் தாள் நிரப்பித் தந்தவனே நான்தான். லினக்சில் மூன்றே கட்டளைகள்: இணைப்பை நிறுத்து, முகவரியை மாற்று, மீண்டும் இணை. கதவு திறந்தது; விண்ணப்பமும் போயிற்று.

அத்தோடு விட்டேனா? இல்லை. ஒருநாள் இரவல் ஒரு வாரமாயிற்று. அண்ணன் திரும்பி வந்து தம் கணிப்பொறியை இணைத்தார். ஒரே முகவரியில் இருவர்! அவருக்கு வரவேண்டியது என் பக்கம் வந்தது. எனக்கு வரவேண்டியது அவர் பக்கம் போயிற்று. குழப்பத்தைக் கண்ட அலுவலகத்தார் அம்முகவரியையே தடுத்துவிட்டனர். பேராசிரியருக்கு அனுப்ப வேண்டிய அத்தியாயத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார் அண்ணன். மூன்றாம் நாள் என் மனம் பொறுக்கவில்லை, உண்மையைச் சொன்னேன்.

"ஊரில் இருந்தவனை இங்கேயும் இருக்க வைத்துவிட்டாயே, தம்பி!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அலுவலகத்துக்கு இருவரும் சென்றோம். அவர் இணைப்பு மீண்டது. எனக்கு ஒரு மாதம் தடை.

முகவரியை மறைப்பதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், கைப்பேசிகள் வலைக்கு வலை வேறு முகவரியைத் தாமே காட்டுகின்றன. போகுமிடமெல்லாம் நம்மை அடையாளம் கண்டு தொடர்வாரிடமிருந்து காக்கும் திரை அது. அந்தத் திரையில் ஒரு நேர்மையும் உண்டு. அதன் இரண்டாம் குறி 2, 6, ஏ, இ என்பவற்றுள் ஒன்றாகவே இருக்கும். 'இது ஆலை இட்டதன்று' என்று அதுவே அறிவித்துவிடும். நான் அணிந்ததோ திரையன்று, இன்னொருவர் முகம்.

ஊர்விட்டு வந்த நமக்கு இங்கே ஒருவர்க்கொருவரே துணை. அத்துணையைக் கேட்டுப் பெறலாம், கேளாமல் எடுக்கலாகாது.