இதில் உன் பங்கு என்ன?

கட்டடக்கலையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் கைகொடுப்பது போர்ட்ஃபோலியோ. ஐந்து வருடப் படிப்பிலும் அதற்குப் பிறகு வேலையிலும் செய்தவற்றிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கியெடுத்து ஒரு சிறு புத்தகமாகத் தொகுக்க வேண்டும். நான் விண்ணப்பித்த பள்ளிகளில் ஒன்று 20 பக்கம் கேட்டது, இன்னொன்று 30 பக்கம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் முதல் ஒரு மாதம் போயிற்று. ஆனால் என்னை நிஜமாகவே திணறடித்தது வேறு. கூட்டாகச் செய்த வேலையையோ அலுவலகத்தில் செய்த வேலையையோ சேர்த்தால், அதில் உங்கள் பங்கு என்ன என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள் என்று எல்லாப் பள்ளிகளும் ஒரு வரி எழுதியிருந்தன. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

அப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் மூன்றாவது வருடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் வீடு திரும்ப இரவு எட்டு ஆகும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கும்போது மணி பத்தரை. அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் வந்திருக்கும் ஜாதகங்களைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். அந்த மாதங்களில் என் லேப்டாப்பில் இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று போர்ட்ஃபோலியோ, மற்றது பயோடேட்டா. இரண்டாவதில் என் உயரமும் நிறமும் எழுதப்பட்டிருந்தன. அதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அலுவலக வேலைகளில் நான் கட்டாயம் சேர்க்க நினைத்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதி. அதன் மாடிப்படிகளில், ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையே வரும் திருப்பத்தை வழக்கத்தைவிட அகலமாக்கி, ஜன்னலோரம் உட்கார ஒரு திண்டு வைத்திருந்தேன். ஓர் அறையில் மூன்று பேர் தங்கும் விடுதியில் ஒருத்தி தனியாகப் போன் பேச வேண்டுமென்றால் எங்கே போவாள் என்ற யோசனையில் வந்தது அது. நானே விடுதியில் இருந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்திருந்தது. கட்டி முடித்த பிறகு எல்லோரும் அந்தத் திண்டைத்தான் பாராட்டினார்கள். ஒரு பத்திரிகையில் படமும் வந்தது. கீழே முதலாளியின் பெயர் மட்டும்.

நான் அனுமதி கேட்டேன். “அது ஆபீஸ் டிசைன்மா. நீ வரைஞ்ச, அவ்வளவுதான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாடம் சொல்லிக்கொடுக்கிற தொனியில் சொன்னார். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் இருக்கும் டைட்டில் பிளாக்கில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. வரைந்தவர் கட்டத்தில் என் பெயரின் இரண்டெழுத்து இருந்தது. யோசித்தவர் என்றொரு கட்டம் எங்கள் அலுவலக டைட்டில் பிளாக்கில் இல்லை. கடைசியில் மூன்று வரைபடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். அதே வருடம் விண்ணப்பித்த, என்னோடு சேர்ந்த ஒரு நண்பன் தான் தொட்ட எல்லா வேலைகளையும் தன்னுடையதில் போட்டிருந்தான். நான் அனுமதி கேட்ட கதையைச் சொன்னபோது, “நீ ஏன் போய்க் கேட்ட?” என்று ஆச்சரியப்பட்டான். அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குக் கேட்காமலிருக்க முடியவில்லை.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. கட்டடக்கலையின் மிகப் பெரிய விருது என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 1991இல் ராபர்ட் வென்ச்சூரிக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய மனைவியும் தொழில் பங்காளியுமான டெனிஸ் ஸ்காட் பிரவுனின் பெயர் அதில் சேர்க்கப்படவில்லை. இருவரும் 1960களிலிருந்து சேர்ந்து வேலை செய்தவர்கள். 1972இல் வெளியாகித் துறையையே புரட்டிப்போட்ட லாஸ் வேகாஸ் பற்றிய புத்தகத்தின் அட்டையில், ஸ்டீவன் ஐசனூரையும் சேர்த்து மூவர் பெயரும் இருக்கிறது. 2013இல் ஹார்வர்டு மாணவியர் இருவர் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஒரு மனு தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், வென்ச்சூரியும் போட்டார். முந்தைய நடுவர் குழு எடுத்த முடிவைப் பிந்தைய குழு திருத்த முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பரிசு தனியாக ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகப் போனது 2004இல், ஜாஹா ஹதீதுக்கு.

இதையெல்லாம் படித்துக் கொதித்துப்போயிருந்தேன். ‘இது என் வேலை’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தமாக எழுதுவதுதான் என் நியாயம் என்று நினைத்தேன். அந்த வேகத்தில்தான் ஏழாம் பக்கத்துக்கு வந்தேன்.

ஏழாம் பக்கத்தில் ஓர் அடுப்படி இருந்தது. மூன்றாம் வருடத்தில் ஒரு பழைய கட்டடத்தை அளந்து வரைய வேண்டும். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு செட்டிநாட்டு வீட்டில் பத்துப் பேர் ஒரு வாரம் தங்கினோம். முகப்பு, தேக்குத் தூண்கள், வளவு எல்லாவற்றையும் பையன்கள் முதல் நாளே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அவைதான் ஷீட்டில் பார்க்க அழகாக வரும், மதிப்பெண்ணும் அங்கேதான். பின்கட்டு அடுப்படியை யாரும் கேட்கவில்லை. “நேரமிருந்தா பார்த்துக்கலாம்” என்றான் குழுத்தலைவன்.

என் தோழி அந்த வீட்டு ஆச்சியிடம் போய்க் கேட்டாள். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு மகனும் கல்யாணம் ஆனதும் தனிப் புள்ளியாகக் கணக்கு, ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகச் சமையல் என்று ஆச்சி அவளிடம்தான் சொன்னார். அவள் வரைந்த செக்‌ஷனில் அடுப்புகள் வரிசையாக இருந்தன. புகை போகிற வழி, தண்ணீர் வடிகிற சரிவு, அம்மியின் உயரம், ஆட்டுக்கல்லுக்கு எதிரில் காலை நீட்ட விட்டிருந்த இடம், காலை எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழுகிறது என்பது வரை பென்சிலில் குறித்திருந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன், அவள் சொல்லச் சொல்ல எண்களை எழுதினேன்.

ஜூரியில் வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் அந்த ஷீட்டின் முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். “இதை யார் வரைந்தது?” என்று கேட்டார். “நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சார்” என்றான் குழுத்தலைவன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஷீட்தான் என் ஏழாம் பக்கம். கீழே மிகச் சின்ன எழுத்தில் ‘குழுப்பணி’ என்று போட்டிருந்தேன். பொய் இல்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டுகிற யாரும் அதை நான் வரைந்தது என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்த எழுத்தை அவ்வளவு சின்னதாக வைத்தேன். அன்றிரவு அதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. முதலாளி என்னிடம் செய்ததை நான் அவளிடம் செய்துகொண்டிருந்தேன்.

கடைசி வருடம் முடிந்த கையோடு அவளுக்குத் திருமணமாகிவிட்டது. வேலைக்குப் போகவில்லை, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவும் செய்துகொள்ளவில்லை. இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“போட்டுக்கோடி. எனக்கு இனிமே அது எதுக்கு?” என்றாள். குழந்தை அழும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இரவு பதினொன்றரைக்கு அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. யாரும் எழுந்துவிடாதபடி மெதுவாகப் பேசியிருந்தாள். “என் பேரைப் போடு. முழுப் பேரையும் போடு, ரெண்டெழுத்து வேண்டாம். அப்புறம் அந்த ஷீட்டை எனக்கும் அனுப்பு. என்கிட்ட ஒரு காப்பிகூட இல்ல.”

அன்றைக்கே எல்லாப் பக்கங்களையும் திருத்த ஆரம்பித்தேன். ஒவ்வொரு வேலைக்கும் கீழே மூன்று வரி. எந்த வருடம், யாரெல்லாம் செய்தது, அதில் நான் செய்தது எது. விடுதியின் பக்கத்தில் முதலாளியின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் போட்டேன். அதன் கீழே, ‘படித் திருப்பத்தின் அகலமும் ஜன்னல் திண்டும் என் யோசனை, வரைபடமும் நான் வரைந்தது’ என்று எழுதினேன். தேதி போட்ட என் பென்சில் ஸ்கெட்சுகள் ஒரு பழைய நோட்டில் இருந்தன, அவற்றையும் பக்கத்தில் வைத்தேன். அவை என் கையால் வரைந்தவை. அடுப்படியின் கீழே அவள் பெயரைப் போட்டு, ‘அளவெடுக்க உதவி’ என்று என் பெயரை அடுத்து எழுதினேன். என் போர்ட்ஃபோலியோவிலேயே மிக நல்ல வரைபடம் என்னுடையது இல்லை என்று எழுதுவது பயமாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எடுத்துவிட்டால், இப்படியும் ஒரு வீட்டைப் பார்க்கலாம் என்று நான் யாரிடம் கற்றுக்கொண்டேன் என்பதும் போய்விடும். விடுதியில் அந்தத் திண்டு எனக்குத் தோன்றியதற்கே அந்த இரண்டு நாள்தான் காரணம்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். ஸ்கெட்சுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் தேதி போட்டு வையுங்கள், ஒரு யோசனை உங்களுடையது என்பதற்கு நாளைக்கு அதுதான் சாட்சி. வேலையை விடும் நாளில் அனுமதி கேட்காதீர்கள், ஒவ்வொரு வேலை முடியும்போதும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிளம்புகிறவளுக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

ஒரு பள்ளியில் இணையவழி நேர்காணல் வைத்தார்கள். பேராசிரியர் ஒருவர் நேராக ஏழாம் பக்கத்துக்குப் போனார். “இது உங்கள் தோழி வரைந்தது என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இங்கே ஏன் வைத்தீர்கள்?” என்று கேட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்ததையும், ஜூரியில் வாயைத் திறக்காததையும் சொன்னேன். ஆங்கிலத்தில் கொஞ்சம் தடுமாறித்தான் சொன்னேன். விண்ணப்பித்த ஐந்து இடங்களில் நான்கில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்று அந்தப் பள்ளி, பாதிக் கட்டணத்துக்கு உதவித்தொகையோடு. மீதிப் பாதிக்கு அப்பாவோடு நடந்த சண்டை தனிக் கதை.

இந்தக் கட்டுரையை எழுதும்போது அவளிடம் கேட்டேன். இதில் தன் பெயர் வேண்டாம் என்றாள். வீட்டில் படிப்பார்கள், ஆயிரம் கேள்வி வரும். அதனால் இங்கே அவளைத் தோழி என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் பேசும்போது, வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் கேட்டாள்: “போர்ட்ஃபோலியோ போட எத்தனை நாளாகும்டி?”

“எனக்கு நாலு மாசம் ஆச்சு” என்றேன். “உனக்கு ஒரு பக்கம் தயாரா இருக்கு.”

“ஸ்கேன் கொஞ்சம் மங்கலா இருக்கு. நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பு” என்றாள். அனுப்பிவிட்டேன்.