சமையலறைக்கு ஒரு வேலி

நவம்பர் 24

மூன்றாவது வீட்டுக் குழந்தையைக் கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒன்றரை வயது. பக்கெட்டில் ராடு போட்டு வெந்நீர் காய வைத்திருக்கிறார்கள். சுவிட்சை அணைத்து, ராடை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, விளாவத் தண்ணீர் மொள்ளத் திரும்பிய நேரம். பக்கெட் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறது. ஆட்டோவில் ஏற்றும்போது பார்த்தேன், கை முழுக்க டூத்பேஸ்ட். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் கூடாது, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

எங்கள் வீட்டு ஆளுக்கு, பேரனுக்கு, பத்து மாதம். போன வாரம்தான் சோபாவைப் பிடித்து எழுந்து நின்றான். எல்லோரும் கைதட்டினோம்.

நவம்பர் 25

தூக்கமில்லை. விடியற்காலையில் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்தபோது ஷாப்பைச் சுற்றி வருவேனே, அந்தக் கண்ணோடு. சுழலும் பாகம் எதுவானாலும் அதற்கு வேலி இருக்கவேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவு. 'ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று அந்தச் சட்டம் விடவில்லை. தொழிலாளி தூங்கி வழிந்தாலும், சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும், அவன் விரல் பல்சக்கரத்துக்குள் போகக்கூடாது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தன்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு உறுதிமொழி எடுப்போம்.

இங்கே? பூஜை அறையில் தரையோடு குத்துவிளக்கு. கட்டிலடியில் கொசுவர்த்தி. இஸ்திரிப் பெட்டியின் வயர் மேஜையிலிருந்து தொங்குகிறது. இவனுக்கே சாம்பிராணி போடுகிற தூபக்கால், கங்கு அணையாமல், கூடத்து மூலையில். அடுப்பு மேடையில் குக்கரின் கைப்பிடி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒரே பாதுகாப்புச் சாதனம் "சூ! சூடு!" என்று போடுகிற சத்தம். அதைக் கேட்டால் அவன் சிரிக்கிறான்.

நவம்பர் 29

நியூஜெர்சியிலிருந்து அண்ணன் மகள் படம் அனுப்பியிருக்கிறாள். அவர்கள் கூடத்துச் சுவரிலேயே கேஸ் கணப்பு. தீயின் முன்னால் கண்ணாடி, அந்தக் கண்ணாடிதான் குழந்தையின் உள்ளங்கையைச் சுடுமாம், அணைத்து வெகுநேரம் ஆன பிறகும். அமெரிக்காவில் 2015 முதல் புதுக் கணப்புகளைத் தடுப்பு வலையோடு சேர்த்தே விற்கவேண்டும் என்று விதி. அந்தக் குளிர் ஊரில் தீக்கு வேலி உண்டு. இந்த வேகிற ஊரில் இல்லை.

டிசம்பர் 3

தீபம். விளக்குகளையெல்லாம் மதில்மேல் வை என்றேன். "கோலத்துல வைக்காம என்ன தீபம்? அடுத்து அதையும் கூண்டுல வைக்கச் சொல்வீங்க" என்றாள் மனைவி. இரவு வரை பேச்சில்லை.

டிசம்பர் 8

மூன்றாவது வீட்டுக் குழந்தை வந்துவிட்டது. ஒரு கையில் கட்டு. மறு கையை ஆட்டி டாட்டா காட்டியது.

டிசம்பர் 12

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய சிநேகிதரின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். சமையலறை வாசலுக்கு ஒரு சின்ன கேட். நான் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். குறுக்குக் கம்பியே வேண்டாம், குழந்தைக்கு அது ஏணி. எல்லாம் நெட்டுக் கம்பி, இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு உள்ளே, தலை மாட்டக்கூடாது. கொண்டி சமையலறைப் பக்கம். "சிறுத்தைக்குக் கூண்டு மாதிரி இருக்கே சார்" என்றார். பக்கத்தில் ஒரு பையன் வெறும் கண்ணோடு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி எங்கே என்றேன். "வேர்க்குது சார்." அவனோடு அரைமணி நேரம் போயிற்று. கடைசியில் போட்டுக்கொண்டான், நான் தெருமுனை திரும்பும்வரை போட்டிருப்பான்.

டிசம்பர் 14

கேட் மாட்டியாயிற்று. பேரன் கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். அசையவில்லை. எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

அவள் உள்ளே. நாங்கள் இருவரும் வெளியே. "இப்ப யாருங்க கூண்டுல?" என்று கேட்டுச் சிரித்தாள். காபியைக் கேட்டுக்கு மேலே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பளபளவென்று ஒரு தழும்பு. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற தழும்புதான். அது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"பம்ப் ஸ்டவ் குப்புன்னு பத்திக்கிச்சே. 82-ல. பெரியவன் இடுப்புல இருந்தான், அவனை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"நைட் ஷிப்ட். காலைல நீங்கதானே பர்னால் வாங்கிட்டு வந்தீங்க."

நான்கு அங்குல நீளம் இருக்கும். கேட்டின் கீல் கிறீச்சிடுகிறது. நாளை எண்ணெய் விடவேண்டும்.

டிசம்பர் 21

குக்கர் இனிப் பின் பர்னரில். கைப்பிடிகள் சுவரைப் பார்த்து. கேஸ் டியூப் ஐந்து வருஷம் தாண்டியிருந்தது, மாற்றியாயிற்று. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தங்கும். தவழ்கிறவன் மூக்கும் அங்கேதான். இரவில் ரெகுலேட்டரை அணைப்பது என் வேலை. கசிவுக்கான 1906 எண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ராடைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. மருமகள் காலை வெந்நீருக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

சாயங்காலம் மனைவிக்கு ஒரு காட்டன் ஏப்ரன் வாங்கிவந்தேன். "இது எதுக்கு திடீர்னு?" சும்மாதான் என்றேன்.

ஜனவரி 2

ஸ்டூலைத் தள்ளிக்கொண்டே கேட் வரை வந்துவிட்டான்.

ஜனவரி 14

போகி. டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள். தெருவே புகை. மூன்றாவது வீட்டுக் குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்து போகி மேளம் தட்டியது, கட்டு இல்லாத கையால். தீயைப் பார்த்ததும் முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டது. எங்கள் ஆள் தாவுகிறான்.

இவள் இறக்கி வைத்த சுடுதண்ணீர்ச் சொம்புக்குக் கிட்டே அவன் உள்ளங்கையைக் கொண்டுபோய், தொடாமல், ஆவி மட்டும் படும்படி காட்டினாள். "சூடு" என்றாள். கையை இழுத்துக்கொண்டு "ஊ" என்றான். எனக்குக் கோபம் வந்தது. "கேட்டு எவ்வளவு நாளைக்குங்க?" என்கிறாள். ஸ்டூல் ஞாபகம் வந்தது, பதில் சொல்லவில்லை.

நாளைக்கு வாசலில்தான் பானை வைக்கவேண்டுமாம், கல் கூட்டி, விறகு வைத்து. நான்கு பக்கமும் திறந்த அடுப்பு. பால் பொங்கும்போது பேரன் பக்கத்தில் இருந்தாகவேண்டும் என்கிறாள். யார் இடுப்பில் என்பது இன்னும் முடிவாகவில்லை.