கண்டி வீதியில் ஒரு பெட்டி

புறக்கோட்டையில் ஒரு பெட்டியை ஒளித்துவைக்க முடியாது. என் வயதுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1987 ஏப்ரல் 21ஆம் திகதி அங்குள்ள மத்திய பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகு வளர்ந்த நாங்கள், சீட்டுக்கு அடியில் கேட்பாரற்ற பை ஒன்றைக் கண்டால் பஸ்ஸை விட்டே இறங்கப் பழகினோம். 2019இல் மறுபடியும் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த மறுநாள், பஸ்தியன் மாவத்தை பஸ் தரிப்பிடத்தில் 87 டெட்டனேற்றர்களைப் பொலிசார் கண்டெடுத்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவின் மகள் ஜியோகேஷிங் பற்றிச் சொன்னாள். “ஆரோ ஒளிச்சு வைச்ச பெட்டியை ஃபோனைப் பார்த்துத் தேடிப் போறது, சின்னம்மா.” கேட்டதும் என் வயிறு கலங்கியது. அவள் போர் முடிந்த பின் பிறந்தவள்.

விளையாட்டு பிறந்த கதை எனக்குப் பிடித்திருந்தது. ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் கருவி. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சைகையில் வேண்டுமென்றே பிழை புகுத்தி வந்தார்கள். 2000 மே 2ஆம் திகதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியை வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், கவண், பீன்ஸ் டின் எல்லாம் இருந்தன. கண்டுபிடிப்பவர் ஏட்டில் பெயர் எழுத வேண்டும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். அந்த விதி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பெட்டியைப் புதைக்கக் கூடாது. அது என்ன பெட்டி என்று வெளியே எழுதியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கேட்ட பிறகுதான் அவளோடு தேடப் போகச் சம்மதித்தேன்.

கார் இல்லாதவர்கள் நெடுஞ்சாலையில் தேடப் போவதென்றால் பஸ்ஸை வைத்தே திட்டமிட வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து நடக்கக்கூடிய தூரமா, அடுத்த பஸ்ஸை மறிக்க ஹோல்ட் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துப் பார்த்துப் பலதைக் கழித்தோம். வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்தோம். தண்ணீர், குடை, பேனை. பேனையை மறந்தால் ஏட்டில் எழுத முடியாது.

பெட்டியே இல்லாத வகையும் உண்டு: இடத்துக்குப் போய், அங்கே பொறித்திருப்பதைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். புறக்கோட்டைக்கு அதுதான் பொருத்தம் என்று பெறாமகள் தானாகவே ஒரு கேள்வி தயாரித்து வைத்திருந்தாள். வெள்ளவத்தையிலிருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கியதும் என்னைக் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிறுத்தினாள். எத்தனையோ தடவை கடந்துபோன கோபுரம். பிரம்ஜி பிக்காஜி கான் என்ற பார்சிக்காரரின் 45ஆவது நினைவு நாளில், 1923 ஜனவரி 4ஆம் திகதி, பிள்ளைகள் திறந்து வைத்தது என்பதை அன்றைக்குத்தான் நின்று படித்தேன்.

பிறகு கண்டி சீ.ரீ.பி. பஸ். கஜுகமவில் வீதியோரக் கடையில் வறுத்த கஜு வாங்கினோம். மாவனெல்லைக்குச் சற்று முன்னால் உத்துவன்கந்த மலை தெரிந்தது. 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்ட சரதியல், இந்த வீதியில் போனவர்களைக் கொள்ளையடித்து ஒளிந்திருந்த மலை அது. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று சனம் சொல்லும். அவனோடு தூக்கிலிடப்பட்டவன் அவனுடைய தோழன் மம்மலே மரிக்கார்.

பெட்டி கிடைத்த இடத்தைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்து வருபவரின் தேடல் கெட்டுவிடும். மரங்கள் அடர்ந்த இடம் என்பதால் சைகை தடுமாறி, அம்புக்குறி எங்களை அங்குமிங்கும் அலைக்கழித்தது. “ஃபோனை விட்டுட்டுக் கண்ணால பாருங்கோ சின்னம்மா” என்றாள். வேர் இடுக்கில் தட்டைக்கல் ஒன்று, இயற்கையாக விழாத கோணத்தில் கிடந்தது. அவள் கை நீட்டினாள்.

“பொறு பிள்ளை, தொடாதை!”

குரல் என்னை அறியாமல் வந்தது. அவள் கையை எடுத்து, விலகி நின்று, “அப்ப நீங்களே எடுங்கோ” என்றாள். குனிந்து கல்லைப் புரட்டினேன். பிளாஸ்டிக் டப்பா, மேலே விளையாட்டின் பெயர், உள்ளே ஒரு ஏடு, சாவி வளையம், வெளிநாட்டு நாணயம். எந்த நாட்டுக்காரரோ எழுதிவிட்டுப் போன பெயர்களுக்குக் கீழே எங்கள் பெயரைத் தமிழில் எழுதினேன். வெள்ளவத்தைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை அவள் உள்ளே வைத்தாள்.

பிறகு கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பழைய வழிக்குள் நடந்தோம். ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் இந்த வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்துபோக, 1832இல் அவருக்குக் கோபுரம் எழுப்பினார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பும் பஸ்ஸை மறித்தோம்.

அடுத்த போயாவுக்குக் காலி வீதிப் பக்கம் போவதாக இருக்கிறோம். 100ஆம் இலக்க பஸ் பாணந்துறை வரைதான். அங்கே மாறி ஏற வேண்டும். இந்த முறை கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா.