சாலையும் சாக்கடையும் ஒரே திட்டமே!



நம் நாட்டின் ஊராட்சி மன்றங்கள் பின்பற்றும் சட்டங்களுள் ஒன்று, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அதன் பெயரைச் சற்றே உற்று நோக்குங்கள். சாலை, வடிகால், கட்டடம் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் ஒன்றாக நிற்கின்றன. ஆனால், நம் குடியிருப்புகளிலோ சாலை ஒரு குத்தகையாளரிடமும் வடிகால் இன்னொருவரிடமும் போய்விடுகின்றன. கட்டடத்தை அவரவர் விருப்பம்போல் விரிவுபடுத்திக் கொள்கின்றோம். மழைநீருக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தெரியாது. தாழ்வான இடம் எதுவோ, அங்கே போய் நிற்கும். எங்கள் வட்டாரத்தில் அந்தத் தாழ்வான இடம் ஒரு தமிழ்ப்பள்ளி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள அந்தப் பள்ளியில் நான் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றேன். பள்ளியின் முன்னால் செல்லும் சாலைக்கு அவ்வப்போது புதிதாகத் தார் போடப்படுவதுண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தாரைப் போடுவதால், ஒவ்வொரு முறையும் சாலை சிறிது உயர்கின்றது. பள்ளியோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை பெய்வது வழக்கம். நம் பிள்ளைகள் புறப்பாட நடவடிக்கைகளுக்காகப் பள்ளியில் தங்கியிருக்கும் நேரமும் அதுவே. சென்ற ஆண்டில் இருமுறை முதலாம் ஆண்டு வகுப்பறைக்குள் நீர் புகுந்தது. அடித்தட்டில் வைத்திருந்த கதைப் புத்தகங்கள் அனைத்தும் பாழாயின.

மாணவர்கள் அளந்த அளவு

இவ்வாண்டு அந்தச் சாலையை மறுசீரமைத்து, இருமருங்கிலும் உள்ள வடிகால்களை மேம்படுத்த ஊராட்சி மன்றம் ஒரு திட்டம் தீட்டியது. பொதுமக்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்தப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. குறை கூறச் செல்வதைவிட அளவோடு செல்வது நன்று என எனக்குத் தோன்றியது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் துணையை நாடினேன்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் எளிய முறை ஒன்றுண்டு. ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரு பக்கத்திலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை வரை அளந்தால், எந்த இடம் எவ்வளவு தாழ்வு என்பது விளங்கிவிடும். போக்குவரத்து இல்லாத ஒரு சனிக்கிழமைக் காலையில், பெற்றோர் சிலர் காவல் நிற்க, மாணவர்கள் அளந்தார்கள். பள்ளி நுழைவாயில் சாலையின் நடுப்பகுதியைவிட 18 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. முதலாம் ஆண்டு வகுப்பறையின் தரை நுழைவாயிலைவிட 6 சென்டிமீட்டர்தான் உயரம். ஆக, வகுப்பறை சாலையைவிட 12 சென்டிமீட்டர் பள்ளத்தில் இருக்கின்றது. "இன்னும் 5 சென்டிமீட்டர் தார் போட்டால் 17 ஆகிவிடும், சார்" என்றான் ஒரு மாணவன்.

கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டவை, பணி எப்போது முடியும், வாகனம் நிறுத்த இடம் கிடைக்குமா, வடிகாலுக்கு மூடி போடுவார்களா என்பனவே. அவையும் தேவையான வினாக்களே. ஆனால், அவற்றிற்கு முன்பாக மூன்று வினாக்கள் எழவேண்டும்.

முதலாவது, இந்த நீர் எங்கே போய்ச் சேரும்? வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் அது கலக்கும் கால்வாய் குறுகலாக இருந்தால் நீர் பின்வாங்கி நிற்கும். ஆகவே, திட்டத்தைக் கடைசி முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரைய வேண்டும். கட்டுமானமும் அம்முறையிலேயே நடப்பது நல்லது. மேற்பகுதியை முதலில் அகலப்படுத்தினால் கீழே உள்ளவர்களுக்குத்தான் துன்பம்.

இரண்டாவது, புதிய சாலையின் மட்டம் என்ன? இருபுறமும் உள்ள வாசல்களின் மட்டத்தை அளந்த பின்னரே சாலையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். தேவையெனில் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, சாலையில் விழும் நீர் வடிகாலுக்குள் எவ்வாறு நுழையும்? மூடிய வடிகால் பார்வைக்கு அழகுதான். ஆனால், நீர் நுழையும் துளைகள் குறைவாக இருந்தாலோ, அவற்றைப் புட்டிகளும் இலைகளும் அடைத்துக் கொண்டாலோ, வடிகால் காலியாகக் கிடக்கச் சாலையில் வெள்ளம் ஓடும். தூர்வாரக் கழற்றும் வகையில் மூடிகள் அமைய வேண்டும்.

மாணவர்களின் அளவுகளை அங்கிருந்த பொறியியலாளரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். மறுவாரமே நில அளவையாளர்கள் பள்ளிக்கு வந்தனர். பழைய தாரைச் சுரண்டிச் சாலையைத் தாழ்த்துவதற்கு இப்போது இசைவு கிடைத்துள்ளது. ஆனால், கடைசி முனையில் உள்ள மதகை அகலப்படுத்த இந்த ஒதுக்கீட்டில் பணமில்லை என்று கூறிவிட்டனர். அதற்காகப் பள்ளியும் குடியிருப்பாளர்களும் தொடர்ந்து கடிதம் எழுத வேண்டியுள்ளது.

அண்டை நாடு தரும் பாடம்

சாலையை உயர்த்துவதால் மட்டும் சிக்கல் தீராது என்பதற்குச் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை நல்ல சான்று. 2010 ஜூன் 16ஆம் நாள் பெய்த மழையில் அந்தப் புகழ்பெற்ற கடைவீதி நீரில் மூழ்கியது. 2011ஆம் ஆண்டில் 1.4 கிலோமீட்டர் நீளத்திற்குச் சாலையைச் சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் மீண்டும் கனமழை. இம்முறை சாலையோரக் கட்டடம் ஒன்றின் தாழ்ந்த பகுதியில் நீர் புகுந்தது. அதன்பின், மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க 38,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள நிலத்தடித் தொட்டியும், நீரின் ஒரு பகுதியைத் திசைதிருப்ப 2 கிலோமீட்டர் நீளக் கால்வாயும் கட்டப்பட்டு 2018இல் நிறைவடைந்தன. அந்தத் தொட்டி கடைவீதியில் இல்லை. மேற்புறத்தில், தாவரவியல் பூங்காவின் பக்கம் உள்ளது. வெள்ளம் தெரியும் இடம் ஒன்று, அதற்குத் தீர்வு காணும் இடம் மற்றொன்று.

நம் நாட்டிலும் இச்சிந்தனை புதிதன்று. வடிகால் நீர்ப்பாசனத் துறை வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. நீரை விரைவாக வெளியேற்றிவிட்டால் போதும் என்பது பழைய முறை. நீர் விழும் இடத்திலேயே அதைத் தடுத்து, தேக்கி, மெதுவாக விடுவதே இக்கையேடு வலியுறுத்தும் முறை.

நம் திடலும் ஒரு வடிகாலே

இப்போது நம் பக்கம் வருவோம். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு பரிந்துரை உள்ளது. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வரும் வாகனங்களால் நெரிசல் ஏற்படுகின்றது. ஆகவே, திடலில் 2,000 சதுர மீட்டர் பரப்புக்குத் தார் போட்டு வாகன நிறுத்துமிடமாக்கலாம் என்பது அப்பரிந்துரை. நெரிசலில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டுவிடுமோ என்று அஞ்சும் தாய்மார்களின் கவலை நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 2,000 சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100,000 லிட்டர். புல்தரையாக இருந்தால் அதில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வழிந்தோடும் எனக் கணக்கிடுவர். தார்த்தரையானால் தொண்ணூற்றைந்து விழுக்காடு. அதாவது, 40,000 லிட்டர் 95,000 லிட்டராகிவிடும். கூடுதலான 55,000 லிட்டரைப் பத்து லிட்டர் வாளிகளில் பிடித்தால் 5,500 வாளிகள்! அவ்வளவும் பள்ளிக்குப் பின்புறம் இன்னும் தாழ்வாக உள்ள மலிவு விலை வீடுகளின் வாசலுக்குச் செல்லும். எங்கள் மாணவர்கள் பலர் அவ்வீடுகளில்தான் வாழ்கின்றார்கள். மேலே உள்ளவர்கள் நமக்குச் செய்ததைத்தான் நாம் கீழே உள்ளவர்களுக்குச் செய்யப் போகின்றோமா?

மாற்று வழிகள் உள்ளன. பிள்ளைகளை ஏற்றும் நேரத்தை ஆண்டுவாரியாகப் பிரிக்கலாம். வாகனம் நிறுத்தியே ஆகவேண்டுமெனில், இடையிடையே புல் வளரும் துளைக்கற்களைப் பதிக்கலாம். சிற்றுண்டிச்சாலைக் கூரை நீரைத் தொட்டியில் பிடித்துத் தோட்டத்திற்குப் பயன்படுத்தலாம். இவை 2021 டிசம்பரில் சிலாங்கூர் கண்டதைப் போன்ற பெருவெள்ளத்தைத் தடுக்கமாட்டா. ஆனால், பிற்பகல் மழைக்கெல்லாம் வகுப்பறையில் நீர் நுழைவதைக் குறைக்கும்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டத்தில் இந்தப் பரிந்துரை வாக்கெடுப்புக்கு வருகின்றது. மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதி உறுப்பினர்களுக்கு வழங்க இருக்கின்றேன். உங்கள் பள்ளியின் முன்னும் சாலைப் பணி வருமானால், விளக்கக் கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். செல்வதற்கு முன், உங்கள் வளாகத்தின் நீர் யார் வாசல் வழியாகப் போகின்றது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்