சாவகச்சேரியில் ஒரு கோப்பை இடியப்பம்

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தாள். ஒருநாள் மாலைப் பூசை பார்த்துவிட்டு பஸ் ஏறி, சாவகச்சேரி நிலையத்தில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. வீட்டில் உலை வைக்கவில்லை.

"பெரியம்மா, எனக்கு ராமென் சாப்பிடவேணும் போல கிடக்கு" என்றாள்.

என் காதில் 'ராமன்' என்றுதான் விழுந்தது. கோயிலால் வந்த கையோடு என்ன கதை என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினாள். யப்பான்காரரின் சாப்பாடாம். பெரிய கிண்ணத்தில் கோதுமை மா நூல், அதன் மேல் மணித்தியாலக் கணக்காக எலும்பு அவித்த சாறு, பாதியாக வெட்டிய முட்டை. பனிக்காலத்தில் வேலை முடிந்து, கடை வாசலில் வரிசையில் நின்று சாப்பிடுவார்களாம். எந்த எலும்பு என்று கேட்டேன். பன்றி என்றாள். கொடியேறின காலத்தில் இதையும் கேட்க வேண்டியதாய்ப் போயிற்று!

சாவகச்சேரியில் யப்பான் கடைக்கு எங்கே போவது? சந்தைப் பக்கம் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் காதை அடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் ரோல்ஸும். லஞ்ச் சீற் விரித்த கோப்பையில் இடியப்பத்தை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். பின்னால் ஒரு பொடியன் வாளியோடு சொதி விட்டுக்கொண்டு வந்தான்.

பிள்ளை செய்த வேலையைப் பாருங்கள். ஆழமான கோப்பை ஒன்று கேட்டு வாங்கி, நாலு இடியப்பத்தைப் போட்டு, அது மூழ்கும் வரைக்கும் சொதி விடச் சொன்னாள். நடுவில் சம்பலை வைத்தாள். பிறகு முள்ளுக்கரண்டியால் சுற்றிச் சுற்றி எடுத்துச் சாப்பிட்டு, கடைசியில் கோப்பையைத் தூக்கிச் சொதியைக் குடித்தாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதுதான் பெரியம்மா ராமென். ஆர் இதை அவிக்கிறது? உள்ளுக்கை நிக்கிற ஆளோ?"

"இல்லையக்கா, வெளியிலை ஒரு அக்கா அவிச்சுக் குடுக்கிறவ" என்றான் வாளிப் பொடியன்.

அந்த அக்காவை எனக்குத் தெரியும். அடுத்தநாள் பின்னேரம் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு குடும்பங்கள் இருந்தன. அதில் ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை அவள். அப்போது பதினாறு வயது. நிவாரணத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் கோதுமை மா. நாலு குடும்பத்துக்கும் இருந்தது ஒரேயொரு இடியப்ப உரல். முறை வைத்துப் பிழிந்தோம். சொதிக்குத் தேங்காய்க்குக் குறைவில்லை. அது தென்மராட்சி அல்லவா! அந்த விறாந்தையில்தான் அவள் இடியப்பம் அவிக்கப் பழகினாள்.

பிறகு எங்கள் ஊரிலேயே கலியாணம் செய்தாள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமானது. 2002இல் போர்நிறுத்தம் வந்தபிறகு திரும்பி வந்தோம். கூரையில்லாத சுவர்களும் தலையில்லாத தென்னைகளும்தான் எங்களுக்காக நின்றன. அவளுடைய கணவர் வேலைக்கென்று வன்னிக்குப் போனவர். 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் அந்த உரல்தான் வளர்த்தது. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்தக் கதையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் போனபோது மா அவித்து இறக்கியிருந்தாள். துணியில் முடிந்து நீராவியில் அவித்த கோதுமை மா கட்டியாகத்தான் இறங்கும். சூட்டோடு உடைத்து அரித்துவிட வேண்டும்; ஆறவிட்டால் கல்லுப்போல ஆகிவிடும். அரித்த மாவோடு வறுத்த சிவப்பரிசி மாவும் கலந்து, உப்புப் போட்டு, கொதிதண்ணீர் விட்டுக் குழைக்கிறாள். தண்ணீர் கூடினால் நூல் ஒட்டும், குறைந்தால் உரல் நகராது. விடிய மூன்று மணிக்கு ஒருதரம், பின்னேரம் ஒருதரம். பிழிந்து பிழிந்து வலது தோள் இறங்கிவிட்டது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாதாம்.

2022இல் மா விலை ஏறி, காஸும் கிடைக்காமல் போனபோது என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"பொச்சுமட்டையும் பாளையும் பொறுக்கி எரிச்சனான் அக்கா. கடைக்காரர் விலையைக் கூட்டேலாது எண்டிட்டினம். அண்டண்டைக்கு மிஞ்சினதைக் கழிச்சுத்தான் காசு தருவினம். மழை பெய்த ஒரு கிழமை கணக்குப் பார்த்தன். ஏழு நாளும் சும்மா பிழிஞ்சிருக்கிறன்."

பிள்ளை உரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ராமெனின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அது சீனாவில் இருந்து வந்தவர்களின் நூல் சாப்பாடாக யப்பானுக்குப் போனது. தோக்கியோவின் அசாகுசாவில் 1910இலேயே அதற்குப் பெயர்போன கடை திறந்தார்கள். ஆனால் அது சனத்தின் சாப்பாடாகப் பரவியது 1945இல் யுத்தத்தில் தோற்ற பிறகுதான். நகரங்கள் எரிந்து கிடந்தன, அரிசி இல்லை. அமெரிக்காவில் இருந்து கோதுமை வந்தது. கள்ளச்சந்தையில் தள்ளுவண்டிகளில் நூலும் சாறும் விற்றார்கள். ஒசாகாவில் அப்படி ஒரு வண்டியின் முன்னால் குளிரில் நின்ற நீண்ட வரிசையைப் பார்த்தவர்தான் மொமொஃபுகு அண்டோ. அவர் 1958இல் கொதிதண்ணீர் விட்டதும் சாப்பிடக்கூடிய நூடில்ஸைச் செய்தார். இன்று எங்கள் பெட்டிக்கடைகளில் தொங்கும் நூடில்ஸ் பைக்கற் எல்லாவற்றுக்கும் அதுதான் மூத்தது.

அவள் குழைத்த கையோடு நிமிர்ந்தாள்.

"அவைக்கும் அமெரிக்கன் மாவோ!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். எங்கள் வீடுகளில் கோதுமை மாவுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். திருகோணமலை ஆலையில் அரைபட்டு வந்தாலும் அமெரிக்கன் மாதான்.

நூலைக் காயவைத்து வைத்திருக்க அண்டோ பல வழிகள் பார்த்துச் சரிவரவில்லையாம். மனைவி அடுப்படியில் எண்ணெயில் பொரிப்பதைப் பார்த்தபிறகுதான் நூலையும் பொரித்தெடுக்கும் வழி பிடிபட்டது என்று சொல்வார்கள் என்றாள் பிள்ளை.

"அப்ப மனிசியின்ரை அடுப்படியிலையிருந்துதான் வந்திருக்கு. பேர் மட்டும் அவருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் உரலைத் தட்டின் மேல் சுற்றினாள்.

மழைக் கிழமைக் கணக்குப் பார்த்தபிறகு அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். விறாந்தையில் இரண்டு வாங்கு போட்டு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தானே விற்கிறாள். கடைக்குக் கொடுப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். ஆரம்பத்தில் அயலில் ஒரு மாதிரிக் கதைத்தார்களாம். தனியாக இருக்கிற பெண் வீட்டில் கண்ட ஆட்களும் வந்து குந்தியிருந்து சாப்பிடுவதோ என்று. அவள் வாங்குகளை உள்ளே எடுக்கவில்லை. இப்போது ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளும், சந்தையில் மரக்கறி விற்றுவிட்டுப் போகும் பெண்களும் வருகிறார்கள். கதைத்தவர்களில் ஒருவர் அன்றைக்கு ஆறு இடியப்பம் கட்டிக்கொண்டு போனதை நானே கண்டேன்.

எங்களுக்கும் கோப்பை வந்தது. கடைச் சொதி வாளியில் இருந்து வருவது. மஞ்சள் தண்ணீர் என்று சொன்னாலும் பிழையில்லை. இது வேறு. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இரண்டாம் பாலில் அவிந்து வந்தபிறகு முதற்பாலை விட்டு, ஒரு கொதியோடு இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் தேசிக்காய்ப் புளி விட்டிருந்தாள். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் பால் திரைந்துவிடும். பிள்ளை இந்த முறை முள்ளுக்கரண்டி கேட்கவில்லை. கையால் குழைத்துச் சாப்பிட்டாள். ஆனாலும் கடைசியில் கோப்பையைத் தூக்கிக் குடித்தாள். நானும் குடித்தேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்!

காசு கொடுக்கும்போது அவளுக்கு ரெலிபோன் வந்தது. மீசாலையில் ஒரு சாமத்திய வீடு, ஞாயிற்றுக்கிழமைக்கு முந்நூறு இடியப்பம் வேண்டுமாம்.

"ஓமோம், தரலாம். அரைவாசிக் காசை இண்டைக்கே அனுப்பிவிடுங்கோ. அது வந்தாப் பிறகுதான் மா வாங்குவன்" என்றாள் அவள். தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில் ரெலிபோனை இடுக்கிக்கொண்டு, அடுத்த தட்டை எடுத்து விரித்தாள்.